கூரைக்கு மேலே ஒரு கம்பி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நம் வீட்டு வாசலில் ஒரு தாயார் வந்து நின்றார். ரத்தோட்டைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவர். அவர் பின்னால், தலையைக் குனிந்தபடி, நம்மிடம் பத்தாம் தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் அவருடைய மகன். தாயாரின் கையில் ஒரு பை. பையைத் திண்ணையில் கவிழ்த்தார். சுருட்டிய வயர், இரண்டு குடைக்கம்பிகள், ஒரு பழைய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டி, முனை வெட்டிய பல்துலக்கித் தண்டு ஒன்று ஆகியன வெளியே விழுந்தன.

"சேர், இவன் படிக்கிறதே இல்ல. லயத்துக் கூரை மேல ஏறி ஏரியல் கட்டுறேன்னு நிக்கிறான். இடி விழுந்தா என்னா செய்றது? நீங்கதான் புத்தி சொல்லணும்" என்றார்.

ஓராண்டுக்கு முன்னர் அவர் வந்திருந்தால், அவர் எதிர்பார்த்த புத்திமதியை அட்சரம் பிசகாமல் சொல்லியிருப்போம். இப்போது அவ்வாறு சொல்ல நம்மால் இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதனை வாசகர்களிடம் ஒளிக்காமல் கூறிவிடுவதே முறை.

2025ஆம் ஆண்டில், பதினோராம் தரத்து மாணவன் ஒருவன் நம் வகுப்பில் பின்வாங்கில் இருந்து, மேசைக்கடியில் எதையோ அளந்துகொண்டிருந்தான். அருகிற் சென்று பார்த்தோம். இரட்டை வயர் ஒன்றைப் பிளந்து, இரு கைகளையும் விரித்தாற்போல ஆக்கி வைத்திருந்தான். "இது என்ன?" என்றோம். "அன்டெனா சேர்" என்றான். "சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன, பரீட்சை முடிந்தபின் வந்து வாங்கிக்கொள்" என்று சொல்லி, அதனைப் பறித்து ஆசிரியர் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். நல்ல காரியம் செய்தோம் என்றே அன்று நினைத்தோம்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் பெய்த மழையையும், சரிந்த மண்ணையும், இழந்த உயிர்களையும் நாம் இங்கு விவரிக்கவேண்டியதில்லை. வாசகர்களுட் பலர் அவற்றை அனுபவித்தவர்கள். மாத்தளை மாவட்டத்திலும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. பல இடங்களில் மின்சாரம் இல்லை. மின்சாரம் போகவே கைத்தொலைபேசிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பட்டணத்தில் கல்வீட்டில் இருந்த நமக்கே, அடுத்த ஊரில் என்ன நடக்கின்றது என்பது தெரியவில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் நாம், ஓசையற்ற தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றோம்.

அந்த மாணவனின் லயத்தில் நடந்தது வேறு. பழுதான ஒலிபெருக்கி ஒன்றின் வயரைக் கொண்டு அவன் இரண்டாவது அன்டெனா ஒன்றைச் செய்திருக்கின்றான். மழை சற்று விட்ட வேளையில், தாத்தாவின் துணையோடு அதனை ஒரு மூங்கிற்கழியில் கட்டி, தகரக்கூரைக்கு மேலே உயர்த்தியிருக்கின்றான். அதுவரை இரைச்சலை மட்டுமே எழுப்பிய பெட்டி பேசத் தொடங்கிற்று. எந்தெந்தப் பிரிவுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை, எந்தப் பாதை மூடப்பட்டது என்பனவெல்லாம் அந்த லயத்தாருக்குத் தெரியவந்தன. பெரியவர்கள் கூடிப் பேசி, சரிவின் அடியில் இருந்த குடும்பங்களை மேட்டிலுள்ள கோயில் மண்டபத்துக்கு அழைத்துச் சென்று தங்க வைத்தனர். அந்த லயத்தின் மேல் மண் சரியவில்லை, இறைவன் காத்தான். ஆயினும் சரியும், சரியாது என்று அறியாமல் இருட்டில் விழித்திருப்பது வேறு. எச்சரிக்கையைக் கேட்டுப் பாதுகாப்பான இடத்திற் சென்று படுப்பது வேறு.

பாடசாலை மீண்டும் திறந்த அன்று அவன் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னான். பெருமை பேசவில்லை. கடைசியாக, "சேர், என்னோட பழைய கம்பியைக் குடுப்பீங்களா? பக்கத்து லயத்துக்கும் ஒண்ணு கட்டணும்" என்றான். அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தபோது நம் கை கூசியது.

அன்று மாலை நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். அலையின் வேகத்தை மீடிறனால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்று இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகின்றோம். ஒரு நாளாவது அந்த நீளத்துக்கு ஒரு கம்பியை வெட்டிப் பார்த்தோமா? இல்லை. அந்தப் பையனோ வெட்டிப் பார்த்தான். உயரே கட்டியும் பார்த்தான். சூத்திரத்தைக் கற்பித்தவர் நாம், கற்றவன் அவன். ஆதலால் இவ்வாரம் இப்பகுதியில், நம் பிள்ளைகள் வீட்டில் தம் கையாற் செய்யக்கூடிய ஏரியல்களைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

ஏரியல் என்பது வேறொன்றுமில்லை. அலைபரப்பும் கோபுரத்தில் மின்னோட்டம் முன்னும் பின்னுமாக விரைந்து அசைகின்றது. அந்த அசைவு அலையாகப் புறப்பட்டு, ஒரு செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் வேகத்தில் எங்கும் பரவுகின்றது. வழியில் ஒரு கம்பி குறுக்கிட்டால், அந்தக் கம்பியிலும் அதே தாளத்தில் மிகச் சிறிய ஓட்டம் ஒன்று பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஒலியாக்குவதே வானொலிப் பெட்டியின் வேலை. ஊஞ்சலை அதன் தாளத்தோடு இசைந்து தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகும் அல்லவா? அவ்வாறே, அலையின் நீளத்தோடு பொருந்திய நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாக ஏற்கும். அலைநீளத்தின் சரிபாதி மிக வசதியான நீளம்.

நம் மாவட்டத்தில் ஏரியலுக்கு ஒரு தனித் தேவையும் உண்டு. மாத்தளைப் பட்டணம் பள்ளத்தாக்கில் இருக்கின்றது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. பண்பலை வானொலியின் அலைகள் பெரும்பாலும் ஒளியைப்போல நேர்கோட்டிற் செல்வன. மலை குறுக்கிட்டால் மறுபக்கம் நிழல் விழும். அதனாலன்றோ ரிவஸ்டன் போன்ற உச்சிகளிற் கோபுரங்களை எழுப்பியிருக்கின்றார்கள்! லயங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தகரக்கூரை மழையைத் தடுப்பதுபோல அலையையும் தடுக்கின்றது. உள்ளே இருக்கும் பெட்டி நோயாளிபோல் முனகுவதற்கு அதுவும் ஒரு காரணம். கூரைக்கு மேலே ஒரு கம்பி உயர்ந்தால் அப்பெட்டிக்கு உயிர் வருகின்றது.

கையாற் செய்த ஏரியல் ஏழையின் குறைப்பொருள் என்று எவரும் எண்ணவேண்டாம். வானொலியின் வரலாறே அதிலிருந்துதான் தொடங்குகின்றது. 1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆந் திகதி, நியூபவுண்ட்லாந்து தீவில் மார்க்கோனி கடுங்காற்றில் ஒரு பட்டத்தை ஏற்றினார். அந்தப் பட்டத்தில் தொங்கிய சுமார் 150 மீற்றர் நீளக் கம்பியே அவருடைய ஏரியல். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், இங்கிலாந்தின் கோர்ன்வால் கரையிலிருந்து வந்த மூன்று புள்ளிச் சைகையைக் கேட்டதாக அவர் அறிவித்தார். பட்டமும் கம்பியும் கொண்டு ஒரு சமுத்திரம் தாண்டப்பட்டது.

நம் நாட்டின் கதையும் அத்தகையதே. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், 1923ஆம் ஆண்டில் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பகுதிகளைக் கொண்டே அலைபரப்பி அமைக்கப்பட்டது. இசைத்தட்டுப் பாட்டுக்கள் மத்திய தந்தி நிலையத்தின் சிறு அறையொன்றிலிருந்து பறந்தன. 1925 டிசம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் இந்திய வீடுகளிலெல்லாம் ஒலித்த இலங்கை வானொலியின் வேர், பழைய உதிரிப்பாகங்களைப் பொருத்திப் பார்த்த அந்த ஆர்வத்திலேயே இருந்தது.

மீன்முள் போன்ற தொலைக்காட்சி ஏரியலை நம் ஊர்களில் அறியாதார் இல்லை. அதனை 1926ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் ஷின்தாரோ ஊடா, ஹிதெத்சுகு யாகி என்னும் ஜப்பானிய அறிஞர்கள். அவர்களுடைய நாட்டவர் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படையினர், பிரித்தானியக் குறிப்பேடொன்றில் 'யாகி' என்ற சொல்லைக் கண்டு பொருள் விளங்காமல் கைதியைக் கேட்டனராம். "அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்" என்று விடை வந்ததாம். தன் வீட்டுப் பிள்ளையின் திறமையைப் பிறர் வாயால் அறிந்த கதை! அலுமாரியைப் பூட்டிய நமக்கும் அது பொருந்தும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க.

300 என்னும் எண்ணை, நிலையத்தின் மீடிறனால், அதாவது மெகாஹேட்ஸ் எண்ணால், வகுத்தால் அலைநீளம் மீற்றரிற் கிடைக்கும். பண்பலைப் பகுதி 88 முதல் 108 வரை. நடுவிலுள்ள 98ஐ எடுத்துக்கொள்வோம். 300ஐ 98ஆல் வகுத்தால் 3.06 மீற்றர். பாதி 1.53 மீற்றர். கம்பியில் அலை வெட்டவெளியிற் போலவே நடந்துகொள்வதில்லை. ஆதலால் நூற்றுக்கு ஐந்து குறைக்கவேண்டும். ஏறத்தாழ 1.45 மீற்றர் வரும். அதனை இரு கைகளாகப் பிரித்தால் கைக்கு ஏறத்தாழ 73 சதமீற்றர். ஓரிரு சதமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் கேட்பதற்குப் பாதகமில்லை.

ஒலிபெருக்கிக்குப் பயன்படும் தட்டையான இரட்டை வயர் ஐந்தாறு மீற்றர் போதும். ஒரு முனையிலிருந்து 73 சதமீற்றர் தூரத்துக்கு இரு இழைகளையும் பிளக்கவேண்டும். பிளவு மேலும் ஓடாதபடி அவ்விடத்தில் நூலால் இறுகக் கட்டவேண்டும். பிளந்த இரு இழைகளையும் எதிரெதிர்த் திசைகளில் விரித்தால், கைகளை நீட்டி நிற்கும் மனிதனைப்போலத் தோன்றும். அதனை ஒரு காய்ந்த மூங்கிற் சிலாகையிற் கட்டி, சிலாகையைக் கழியில் ஏற்றலாம். பச்சை மூங்கிலும் ஈரமும் ஆகா. நைலோன் கயிறு, பிளாஸ்டிக் போத்தல் துண்டு, பல்துலக்கித் தண்டு ஆகியன நல்ல காவலிகள்.

கீழே தொங்கும் பகுதி பெட்டிக்கு வருகின்றது. அதன் ஓர் இழையைப் பெட்டியின் நீள்குச்சி ஏரியலோடும், மற்ற இழையை மின்கலத்தின் எதிர்முனையோடும் கவ்விகளால் இணைக்கவேண்டும். இது மின்கலத்தில் ஓடும் பெட்டிக்கு மட்டுமே உரிய முறை. சுவர் மின்சாரத்திற் செருகிய பெட்டியைத் திறந்து எந்த மாணவனும் கம்பி இணைக்கலாகாது.

கட்டியபின் கழியை மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும். இந்த ஏரியல் தன் இரு முனைகளும் நோக்கும் திசைகளிலிருந்து குறைவாகவும், அகலப்பக்கமாக வரும் அலையை மிகுதியாகவும் ஏற்கும். சில நிலையங்கள் கம்பி நிமிர்ந்து நின்றால் நன்கு கேட்கும். சில, படுத்திருந்தால் நன்கு கேட்கும். இதனைப் புத்தகம் சொல்லும். காது ஒரு நிமிடத்தில் உணர்த்தும்.

மத்திய அலைக்கு இக்கணக்கு உதவாது. 900 கிலோஹேட்ஸ் அலையின் நீளம் 333 மீற்றர்; அதிற் பாதிக்கு யார் வீட்டில் இடமுண்டு? அதற்காகவே பெட்டிக்குள் கரிய பெரைட் கோலிற் சுருளைச் சுற்றி வைத்திருக்கின்றார்கள். பெட்டியைத் திருப்பினால் ஒலி கூடுவதும் குறைவதும் அக்கோலின் திசையினாலேயே. சிற்றலை கேட்க விரும்புவோர், 15 அல்லது 20 மீற்றர் கம்பி ஒன்றை வீட்டிலிருந்து பலாமரத்துக்கு இழுத்துக் கட்டலாம். மரம் காற்றில் ஆடும், கம்பி அறும். ஆதலால் மரத்தின் பக்கம் கயிற்றைக் கிளையின்மேற் போட்டு, அதன் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கிக் கம்பியைக் காக்கும்.

மேலும் ஊக்கமுள்ள மாணவர்களுக்கு ஆகாயமே திறந்திருக்கின்றது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பொழுதுபோக்கு வானொலியாளருக்காக 145.8 மெகாஹேட்சில் சில வேளைகளிற் பேச்சும் படங்களும் வருகின்றன. அதற்குக் கைக்கு 49 சதமீற்றர் போதும். கணினியிற் செருகும் சிறிய வாங்கி ஒன்று இருந்தால், 400 கிலோமீற்றர் உயரத்திற் பறப்பவரின் குரலை மாத்தளை முற்றத்திற் பிடிக்கலாம். நம் நாட்டு இளம் பொறியியலாளர் இருவர் ஜப்பானிற் கற்றபோது அமைத்த 'இராவணா 1' என்னும் சிறு செய்மதி, 2019 ஜூனில் அந்த நிலையத்திலிருந்தே விண்ணில் விடப்பட்டது. அது 437 மெகாஹேட்சை ஒட்டிய பொழுதுபோக்கு அலையைப் பயன்படுத்திற்று. அந்த அலைக்குக் கைக்கு 16 சதமீற்றரே வேண்டும். மீடிறன் ஏற ஏறக் கம்பி குறுகுவதை மாணவர் கவனிக்க.

கேட்பது வேறு, அலைபரப்புவது வேறு. அலைபரப்ப விரும்புவோர் பரீட்சை எழுதி, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். விளையாட்டாக அனுப்பும் ஓர் அலை, ஆபத்திலிருக்கும் ஒருவரின் செய்தியை மறைத்துவிடக்கூடும். அந்த அனுமதியைப் பெற்றவர்களின் அருமை 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின்போது விளங்கிற்று. அந்தமானில் வானொலி நிலையம் அமைக்கச் சென்றிருந்த குழுவின் தலைவி பாரதி பிரசாத், தொலைபேசிகள் அற்ற போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினார். நம் நாட்டிலும் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்குச் சென்று, சிற்றலைக் கருவியால் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர்.

அந்தத் தாயாரின் அச்சத்துக்கும் விடை கூறவேண்டும். அவர் அஞ்சியது நியாயமே. ஏரியலாற் கேடு வருவது இரண்டு வழிகளில். முதலாவது மின்கம்பி. மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஏரியலை ஒருபோதும் இழுக்கலாகாது. கழி சரிந்து விழுந்தாலும் மின்கம்பியை எட்டாத தூரத்திலேயே அதனை நடவேண்டும். மின்கம்பத்தைக் கழியாகப் பயன்படுத்த நினைப்பது தற்கொலைக்கு ஒப்பு. இரண்டாவது மின்னல். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் நம் மலைகளில் இடி முழங்குவதை யாவரும் அறிவர். முதல் முழக்கத்தைக் கேட்பதற்கு முன்னரே, வானம் கறுக்கும்போதே, கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடவேண்டும். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் அதனைத் தொடவே கூடாது. புயற்காலத்திலும் மழையும் மின்னலும் ஓய்ந்த இடைவேளையிலேயே கம்பியை ஏற்றவேண்டும். கூரைமேல் ஏறவும் வேண்டாம். நிலத்திற் கழியை நட்டு, கீழிருந்தே கயிற்றால் உயர்த்தலாம். பெரியவர் ஒருவர் அருகில் நிற்கட்டும்.

இவற்றையெல்லாம் அந்தத் தாயாருக்கும் மகனுக்கும் திண்ணையிலிருந்தே சொன்னோம். கூரை ஏறமாட்டேன், மேகம் கறுத்தால் கம்பியைக் கழற்றிவிடுவேன், வாரநாட்களிற் பாடம் முடித்தபின்பே தொடுவேன் என்று மூன்று வாக்குறுதிகளைப் பையனிடம் வாங்கினோம். கார்த்திகை இரவில் நடந்ததையும் தாயாருக்குக் கூறினோம். அவர் ஒன்றும் பேசாமல், திண்ணையிற் சிதறிக் கிடந்தவற்றைப் பொறுக்கி மீண்டும் பைக்குள் வைத்தார். கவிழ்த்தபோது இருந்த வேகம் இப்போது இல்லை.

படலையைத் திறந்தவர் திரும்பி நின்று, "எவ்வளவு நீளம்னு சொன்னீங்க சேர்?" என்று கேட்டார்.

"ஒரு பக்கத்துக்கு 73 சதமீற்றர் அம்மா" என்றோம்.

அவருக்கு அது விளங்கவில்லை. கோயிலுக்குப் பூச்சரம் அளப்பதுபோல, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீட்டிக் காட்டி, "இதுல எத்தன?" என்றார்.

கணக்குப் பார்த்தோம். "ஒன்றரை முழமும் நாலு விரலும்" என்றோம்.

பைக்குள்ளிருந்த வயரின் நுனியை இழுத்து, தம் கையில் வைத்து அளந்து, நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, "இவ்வளவுதானா!" என்றார். மகன் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான்.